அடிதடி கேஸில் ‘பறித்தான்’ என்ற ஒரு சொல்

வந்த கேள்வி, சுருக்கமாக: “என் தம்பிக்கு வயது 24. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. போலீஸ் செலக்‌ஷனுக்கும் படித்துக்கொண்டிருக்கிறான். கூட வேலை பார்க்கும் ஒருவருக்கு ஜீபேயில் 18,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டீக்கடை வாசலில் அதைக் கேட்கப் போய், வாய்ச்சண்டை கைகலப்பாகிவிட்டது. அவருக்குப் புருவத்தில் மூன்று தையல். இவனுக்கு உதடு கிழிந்து ஒரு பல் ஆடுகிறது. கீழே விழுந்த அவருடைய செல்போனை எடுத்து, ‘காசைக் குடுத்துட்டு வாங்கிக்கோ’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். இப்போது, ஹெல்மெட்டால் அடித்து செல்போனையும் 6,500 ரூபாயையும் பறித்துக்கொண்டான் என்று எஃப்.ஐ.ஆர். ஆகியிருக்கிறது. 296(பி), 118(1), 309(6), 351(3) என்று போட்டிருக்கிறார்கள். தம்பி பெரியம்மா வீட்டில் இருக்கிறான். போன் எங்கள் வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது?”

நான்கு பிரிவுகளைப் பார்த்து மிரண்டிருக்கிறீர்கள். உங்கள் தம்பியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கப்போவது அதில் ஒன்றுதான்: 309(6). நான்குமே பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள். மற்ற மூன்றையும் முதலில் சீக்கிரம் பார்த்துவிடுகிறேன்.

296(பி) என்பது பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி). நம் ஊர் அடிதடி எஃப்.ஐ.ஆர்.களில் பிள்ளையார் சுழி மாதிரி முதலில் இதுதான் வரும். அதிகபட்சம் மூன்று மாதம். கெட்ட வார்த்தையில் திட்டுவது வேறு, சட்டம் சொல்லும் ஆபாசம் வேறு என்று 2022-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 351(3) கொலை மிரட்டல். ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. “கொன்னுடுவேன்” என்று சண்டையில் வாய்க்கு வந்ததைச் சொன்னது மட்டும் போதாது, எதிராளியை நிஜமாகவே அச்சுறுத்தும் நோக்கம் இருந்ததைக் காட்ட வேண்டும். பெரும்பாலான வழக்குகளில் இது சாட்சி விசாரணையில் கரைந்துபோகும்.

118(1) கொஞ்சம் கவனிக்க வேண்டியது. ஆயுதத்தால் காயம் ஏற்படுத்தியது. மூன்று வருடம் வரை, ஜாமீனில் விட முடியாத பிரிவு. வெறும் கையால் அடித்திருந்தால் 115(2) மட்டுமே: ஒரு வருடம் வரை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அது ஜாமீனில் விடக்கூடியது, போலீஸ் தானாகக் கைது செய்ய முடியாத குற்றம். ஆக, கைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம். ஹெல்மெட் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது 309(6). கொள்ளையின்போது காயம் ஏற்படுத்துவது, பழைய 394. ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம், அல்லது பத்து வருடம் வரை கடுங்காவல். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விசாரிக்கும் வழக்குதான், நடைமுறையில் இவ்வளவு தண்டனை விழுவதில்லை. ஆனால் ‘ஆயுள்’ என்ற சொல் அந்தப் பிரிவுக்குள் இருப்பதே உங்கள் தம்பிக்கு மூன்று கதவுகளை அடைக்கிறது.

முதல் கதவு, நோட்டீஸ். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது. பி.என்.எஸ்.எஸ்., அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3)-இன் கீழ் நோட்டீஸ் கொடுத்து அழைத்து விசாரிக்க வேண்டும், கைது செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்பது 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கிலிருந்து சட்டம். 309(6) அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. இரண்டாவது, மாஜிஸ்திரேட் ஜாமீன். ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் செய்ததாக நம்ப முகாந்திரம் இருந்தால் மாஜிஸ்திரேட் விடக் கூடாது என்று அதே சட்டத்தின் 480-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் பல மாஜிஸ்திரேட்டுகள் “செஷன்ஸ் போங்க” என்று சொல்லிவிடுவார்கள். மூன்றாவது, சமரசம். 115(2), திருட்டுக்கான 303(2) இரண்டையும் இரு தரப்பும் சமாதானமாகி கோர்ட்டில் முடித்துக்கொள்ளலாம். கொள்ளையை அப்படி முடிக்க முடியாது.

அடிதடி புகாரில் ‘செல்போனைப் பறித்தான்’, ‘செயினை அறுத்தான்’ என்ற ஒரு வரி ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது என்று இப்போது புரியும். சில சமயம் அது உண்மை. சில சமயம் புகார் எழுதிக் கொடுப்பவரின் அனுபவம்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். அடித்ததும் உண்மை, போனை எடுத்ததும் உண்மை என்றால் அது தானாகக் கொள்ளை ஆகிவிடாது. 309-இல் ஒரு நிபந்தனை இருக்கிறது: திருடுவதற்காக, அல்லது திருடும்போது, அல்லது திருடியதைக் கொண்டுபோவதற்காக, *அந்த நோக்கத்துக்காகவே* காயமோ பயமோ ஏற்படுத்தியிருக்க வேண்டும். கடன் தகராறில் அடித்துக்கொண்டார்கள், சண்டை ஓய்ந்தது, கீழே கிடந்த போனை ஒருவர் எடுத்தார் என்றால், அடி கடனுக்காக விழுந்தது, போனுக்காக விழவில்லை. இரண்டும் அடுத்தடுத்து நடந்த இரண்டு செயல்கள். அதிகபட்சம் காயம் ஒன்று, திருட்டு ஒன்று. கொள்ளை இல்லை.

ஆனால் உங்கள் தம்பியிடம் ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள். அவர் வக்கீலும் கேட்பார். போனை எடுத்த பிறகு அந்த ஆள் பிடுங்க வந்தாரா? வந்தபோது தம்பி தள்ளினாரா, அடித்தாரா? அப்படி நடந்திருந்தால் ‘கொண்டுபோவதற்காக’ என்ற சொல்லுக்குள் விழுந்துவிடும் ஆபத்து இருக்கிறது. தையல் போட்ட காயம் போன் கீழே விழுவதற்கு முன்பா, பின்பா? அந்த அரை நிமிஷத்தின் வரிசைதான் இந்த வழக்கு. வக்கீலிடம் இதை மறைத்து அழகான கதை சொன்னால், குறுக்கு விசாரணையில் அவர் தெரியாமல் அதே இடத்தில் போய்க் காலை விடுவார்.

“அவன் எனக்குக் காசு தர வேண்டியவன், அதற்கு ஈடாகத்தானே எடுத்தேன், இது எப்படித் திருட்டு?” இதைச் சொல்லாத கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. திருட்டுப் பிரிவுக்குள்ளேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு, 1860-இலிருந்து இருக்கிறது. ஒருவர் தன் கைக்கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுக்கிறார். கடைக்காரருக்கு எந்தப் பாக்கியும் இல்லை. வெளிப்படையாகவே கடைக்குள் போய், கடைக்காரர் கையிலிருந்து கடிகாரத்தைப் பலவந்தமாகப் பிடுங்கிக்கொண்டு போகிறார். அத்துமீறலும் தாக்குதலும் செய்திருக்கலாம், ஆனால் திருட்டு இல்லை என்கிறது சட்டம். நேர்மையற்ற எண்ணம் அங்கே இல்லை. அடுத்த உதாரணத்தில் அதே ஆள் ரிப்பேர் கூலி பாக்கி வைத்திருக்கிறார். கூலிக்காகக் கடைக்காரர் கடிகாரத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். அந்தப் பிடிமானம் போகட்டும் என்று எடுத்துக்கொண்டு போனால், சொந்தக் கடிகாரமாகவே இருந்தாலும் திருட்டு. தன் பொருளையே ஒருவன் திருட முடியும் என்பதை ஜூனியர்களுக்குச் சொல்லும்போது கொஞ்ச நேரம் நம்ப மாட்டார்கள்.

உங்கள் தம்பிக்கு இது எவ்வளவு உதவும்? உள்ளதைச் சொல்கிறேன், பாதிதான். அந்த போன் அவருடையது அல்ல. கடன் கொடுத்தவர், கடனை வசூலிக்க நெருக்கடி கொடுப்பதற்காகக் கடனாளியின் பொருளை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்தால் அது திருட்டுதான் என்று கல்கத்தா உயர் நீதிமன்ற முழு அமர்வு 1895-இலேயே சொல்லிவிட்டது. ‘திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தேன்’ என்பதும் முழுத் தப்பிப்பு இல்லை. கொஞ்ச நாள் இழக்க வைத்தாலும் போதும். அதனால் ‘நான் எதுவுமே செய்யவில்லை’ என்ற இடத்தில் நிற்காமல், ‘இது 309(6) இல்லை, அப்படியே பார்த்தாலும் 115(2), 303(2)’ என்ற இடத்தில் நின்றால் காலடியில் மண் கெட்டியாக இருக்கும். ஆயுள் வரை போகும் பிரிவு மூன்று வருடத்துக்கு இறங்கும், அடைபட்ட மூன்று கதவும் திறக்கும். 6,500 ரூபாய் வேறு கதை. அதற்கு அவர் வாயைத் தவிர சாட்சி கிடையாது. பையில் இருந்ததா, பர்ஸில் இருந்ததா, என்ன நோட்டு என்று புகாரில் இருக்கிறதா பாருங்கள்.

இப்போது வீட்டில் இருக்கும் போன். அதை எங்கேயும் வீசாதீர்கள், உடைக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். சாட்சியத்தை மறைப்பது தனிக் குற்றம். அதில் நீங்களும் சேர்ந்துகொள்வீர்கள். ஆன் செய்து பார்க்கவும் வேண்டாம். நண்பர் யாரிடமாவது கொடுத்து அந்த ஆளிடம் சேர்க்கச் சொல்லும் யோசனையும் வேண்டாம். நாளைக்கு ‘ஆளை வைத்து மிரட்டினார்கள்’ என்று அதுவே இன்னொரு புகாராக வரும். வக்கீலிடம் சொல்லுங்கள். முன்ஜாமீன் மனுவிலேயே, குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமல், சண்டைக்குப் பின் கீழே கிடந்து எடுத்த போனை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒப்படைக்கத் தயார் என்று அவர் எழுதலாம். இதில் ஒரு விலை இருக்கிறது: போன் உங்களிடம் இருந்தது என்பதை ஏற்றதாகிவிடும். ஆனால் டீக்கடை வாசலில் பத்துப் பேர் பார்த்த விஷயத்தை மறைத்து என்ன கிடைக்கப் போகிறது?

ஒப்படைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கைதுக்குப் பிறகு ஸ்டேஷனில் ஒரு ‘ஒப்புதல் வாக்குமூலம்’ எழுதப்படும். “என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்திருக்கும் செல்போனை எடுத்துக் கொடுக்கிறேன்” என்று அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு பறிமுதல் மகஜர். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. ஆனால் அதன் மூலம் ஒரு புது விஷயம் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27, இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 23. கண்டுபிடிப்பு என்பது பொருள் மட்டுமல்ல, அது இருந்த இடமும் அவருக்கு அது தெரிந்திருந்ததும் சேர்ந்ததுதான் என்று 1946-இல் கோட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது இன்றைக்கும் அரசுத் தரப்புக்குப் பிடித்த ஆயுதம். போன் ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தால் இந்த நாடகத்துக்கு மேடையே இல்லை. தேடுதலையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105 சொல்கிறது, பதிவு இல்லாவிட்டால் அதைக் கேட்க வேண்டியது வக்கீல் வேலை.

முன்ஜாமீன் மனுவை பி.என்.எஸ்.எஸ். 482-ஆவது பிரிவின் கீழ் மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டில்தான் முதலில் போடுவது வழக்கம். அங்கே கிடைக்காவிட்டால் சென்னை உயர் நீதிமன்றம். திருப்பூர் மதுரைக் கிளைக்குள் வராது. முன்ஜாமீன் விசாரணையில் சட்டம் பேசுவதற்கு முன் ஜட்ஜ் அரசு வக்கீலிடம் கேட்பது மூன்று கேள்விகள். காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா? இவர் மேல் பழைய கேஸ் இருக்கிறதா? பொருள் ரெக்கவர் ஆகிவிட்டதா? மூன்று தையல் போட்டவர் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பார். பழைய வழக்கு இல்லை என்று நம்புகிறேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. கிடைத்தால், தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து, இரண்டு ஜாமீன்தாரர் என்று நிபந்தனை வரும். ஒரு நாள் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்ய மனு வரலாம். கம்பெனி ஷிப்டை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெரியம்மா வீட்டில் அதிக நாள் வைத்திருக்காதீர்கள். ‘தலைமறைவாக உள்ளார்’ என்று அரசுத் தரப்பு எழுதிவிடும். தெரிந்தே மறைத்து வைத்தவர்கள் மேலும் வழக்கு வரலாம். அதில் கணவன் மனைவிக்கு மட்டும்தான் விலக்கு. பெரியம்மாவுக்குக் கிடையாது.

ஒருவேளை மனு விசாரணைக்கு வருவதற்குள் கைது ஆகிவிட்டால், கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் அங்கே வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள்; பல பையன்கள் அந்த ஒரு நிமிஷத்தில் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் 15100-க்குக் கூப்பிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வக்கீல் கிடைப்பார். இலவசம் என்பதால் மட்டம் என்று நினைக்காதீர்கள், நல்லவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது காகிதங்கள். என்னைக் கேட்டால் இந்த வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சண்டை ஞாயிறு ராத்திரி. எஃப்.ஐ.ஆர். எப்போது? இடையில் சி.எஸ்.ஆர்., அதாவது மனு வாங்கியதற்கான ரசீது போட்டார்களா? நம் ஸ்டேஷன்களில் முதலில் ‘அடிச்சுட்டான்’ என்று ஒரு மனு வாங்கி சி.எஸ்.ஆர். போடுவார்கள், அடுத்த நாள் விரிவாக எழுதிய இன்னொரு புகார் எஃப்.ஐ.ஆர். ஆகும். முதல் மனுவில் போன் இல்லாமல் இரண்டாவதில் போன் வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. எஃப்.ஐ.ஆர். நகலை தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எடுக்கலாம். பிறகு கோர்ட்டுக்கு வந்த அசல் எஃப்.ஐ.ஆரின் சான்று நகல் வாங்கும்போது, மாஜிஸ்திரேட் சுருக்கொப்பமிட்டு எழுதிய தேதியையும் நேரத்தையும் பாருங்கள். இரவு எட்டு மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் எஃப்.ஐ.ஆர். மறுநாள் மாலை கோர்ட்டுக்கு வந்திருந்தால், நடுவில் என்ன நடந்தது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்று ஏ.ஆர். காப்பி, அதாவது அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல். அவசர சிகிச்சை டாக்டர் முதலில் அதில் ஒரு வரி எழுதுவார்: எப்போது, எங்கே, எத்தனை பேர், எதனால் அடித்ததாகக் காயம்பட்டவர் சொன்னார் என்று. புகார் எழுதும் ஆள் பக்கத்தில் வருவதற்கு முன்னால், ரத்தம் காயாமல் சொன்ன வார்த்தை அது. ‘தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாக’ என்று அந்த வரி இருந்தால், எஃப்.ஐ.ஆரில் ஹெல்மெட் எந்த வழியாக நுழைந்தது என்று கேட்கலாம். 118(1) ஆட்டம் காணும். போன் பறிபோனது அதில் இல்லாததை மட்டும் பெரிய ஆயுதமாக நினைக்காதீர்கள். டாக்டர் வேலை காயத்தை எழுதுவதுதான், பொருளை எழுதுவதல்ல என்று கோர்ட் சொல்லிவிடும். மோதிரக் கை பட்டாலும் புருவம் கிழியும். ஹெல்மெட் பட்டால் என்ன மாதிரிக் காயம் ஆகும் என்று டாக்டரை ஒழுங்காகக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

உங்கள் தம்பி மருத்துவமனைக்குப் போனாரா என்று நீங்கள் எழுதவில்லை. போகவில்லை என்றால் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போகட்டும். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லி வைத்தியம் பார்க்க வேண்டாம். யார் அடித்தது, எங்கே, எப்போது என்பதை உள்ளபடி சொல்லி ஏ.ஆர். போடட்டும். அந்த ஆடும் பல்லை பல் டாக்டர் பார்த்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பல் முறிந்தாலோ இடம் பெயர்ந்தாலோ அது சட்டப்படி கொடுங்காயம், 117(2), ஏழு வருடம் வரை. அதாவது காயத்தின் கணக்கில் பார்த்தால் புகார்தாரர் செய்ததே பெரிய குற்றமாக இருக்கலாம்.

அதோடு ஒரு எதிர்ப்புகார். இதை ‘கேஸ் இன் கவுண்டர்’ என்போம். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் எஸ்.பி. அல்லது கமிஷனருக்கு அனுப்பி, பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இரண்டு புகாரையும் ஒரே அதிகாரி விசாரித்து, யார் முதலில் கைவைத்தது என்ற உண்மையைக் கண்டு அறிக்கை தர வேண்டும் என்று பழைய 588-ஏ என்று வக்கீல்கள் இன்னமும் சொல்லும் காவல் நிலை ஆணை இருக்கிறது. இரண்டும் வழக்காகிவிட்டால் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன முறை. குற்றம் சாட்டப்பட்டவரின் உடம்பில் இருக்கும் காயத்தை அரசுத் தரப்பு விளக்கவே இல்லையென்றால், சம்பவத்தை அவர்கள் முழுசாகச் சொல்லவில்லை என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். 1976-இல் லட்சுமி சிங் வழக்கு இதற்கான மேற்கோள். கீறல் காயத்துக்கு இது பொருந்தாது, பல்லுக்குப் பொருந்தும்.

தற்காப்பு என்று வாதாட இடம் உண்டா? முதல் அடி அவர் அடித்திருந்தால் உண்டு. அடி விழும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, விழப்போகிறது என்ற நியாயமான அச்சம் போதும். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய சுமை நம்மிடம் இல்லை. நடந்திருக்கலாம் என்று தோன்ற வைத்தால் போதும். ஆனால் அவர் கீழே விழுந்த பிறகும் அடித்திருந்தால் அந்த இடத்தோடு தற்காப்பு முடிந்தது, அதற்கு மேல் பழிவாங்கல். கடன் பாக்கிக்குத் தற்காப்பு உரிமையே கிடையாது. இன்னொன்று, ‘தற்காப்புக்காக அடித்தேன்’ என்பதும் ‘அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை’ என்பதும் ஒரு வாயிலிருந்து வரக் கூடாது. சொந்தக்காரர்கள் யாராவது ‘எங்க வீட்டு விசேஷத்துல இருந்தான்னு சொல்லிடறேன்’ என்று கிளம்புவார்கள். டீ கொடுத்து அனுப்பி வையுங்கள். டீக்கடை கேமரா பொய் சொல்லாது.

கேமரா என்றதும் அவசரம். அதன் பதிவுப் பெட்டியான டி.வி.ஆரில் பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். சில நாளோ சில வாரமோ, அதன் கொள்ளளவைப் பொறுத்தது. இன்றைக்கே கடைக்காரருக்கும் விசாரணை அதிகாரிக்கும், ஞாயிறு இரவுப் பதிவை அழியாமல் வைக்கும்படி வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள். கோர்ட் மூலம் வரவழைக்க பி.என்.எஸ்.எஸ். 94-இல் மனுப் போடலாம். நீங்களே போய் செல்போனில் மறுபதிவு எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் அது சாட்சியம் ஆகாது. பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு, சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். ஜீபே பரிமாற்றம் தெரியும் வங்கி ஸ்டேட்மென்டையும் எடுத்து வையுங்கள். அது இருபுறமும் வெட்டும் கத்தி: பொய்ப் புகாருக்கு அவருக்குக் காரணம் இருந்ததைக் காட்டும், அடிக்க இவருக்குக் காரணம் இருந்ததையும் காட்டும். ஆனால் சண்டை கடனுக்காக, போனுக்காக இல்லை என்ற நம் மைய வாதமே அதன்மேல்தான் நிற்கிறது. தயங்காமல் காட்டலாம்.

குற்றப்பத்திரிகை வந்து நகல் கொடுத்த 60 நாளுக்குள் பி.என்.எஸ்.எஸ். 262-இன் கீழ் விடுவிப்பு மனு போடலாம். 309(6)-ஐ மட்டும் உடைக்க அது முதல் வாய்ப்பு. அது நடக்காவிட்டால் சாட்சி விசாரணை, வாய்தா வாய்தாவாக. அதைப் பற்றி இப்போதே பேசிப் பயனில்லை.

சமாதானம் பற்றி. ‘ஸ்டேஷன்லயே பேசி முடிச்சுக்கலாம்’ என்று யாராவது வருவார்கள். பணம் கைமாறும், எஃப்.ஐ.ஆர். அப்படியே இருக்கும். பதிவான எஃப்.ஐ.ஆரைப் புகார்தாரர் வாபஸ் வாங்க முடியாது. உண்மையிலேயே இரு தரப்பும் சமாதானமானால், உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-இன் கீழ் இருவரும் நேரில் நின்று ரத்து செய்யக் கேட்கலாம். 2012-இல் கியான் சிங் வழக்கில் வந்த வழி அது. கொள்ளை மாதிரி கடும் குற்றங்களில் உயர் நீதிமன்றம் தயங்கும், ஆனால் பிரிவின் எண்ணை மட்டும் பார்க்காமல் உள்ளே என்ன நடந்தது என்றும் பார்க்கும். கடன், கைகலப்பு, ஒரு போன், அதுவும் கோர்ட்டில் ஒப்படைத்தாயிற்று என்றால் சொல்ல நமக்கு ஒரு நியாயம் இருக்கும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் தம்பி போலீஸ் வேலைக்குப் படிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுவாக எல்லோரும் தரும் யோசனை, ‘சாட்சியைப் பிறழ வைத்து விடுதலை வாங்கிடலாம்’ என்பது. சாட்சியைக் கலைப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி)-இன் விளக்கத்தைப் படித்தால் இன்னொரு பக்கமும் தெரியும்: சந்தேகத்தின் பலனிலோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவர், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். விடுதலைத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலை கிடைக்காமல் உயர் நீதிமன்றப் படியேறும் பையன்கள் எத்தனையோ பேர். எஃப்.ஐ.ஆரே ரத்தானால், அல்லது ‘குற்றம் நடக்கவே இல்லை’ என்று தகுதி அடிப்படையில் விடுதலையானால், வாதாட நல்ல இடம் இருக்கும். எது எப்படி முடிந்தாலும் விண்ணப்பத்தில் ‘உங்கள் மீது குற்ற வழக்கு உண்டா’ என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்றுதான் எழுத வேண்டும். வழக்கைவிட, வழக்கை மறைத்ததற்காக வேலை போனவர்கள் அதிகம் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

நாளைக் காலை வக்கீலைப் பார்க்கப் போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல், ஜீபே ஸ்டேட்மென்ட், அந்த ஆள் ‘அடுத்த மாசம் தரேன்’ என்று அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் ஏதாவது இருந்தால் அது, தம்பியின் ஆதார், பல் டாக்டர் சீட்டு எல்லாம் எடுத்துப்போங்கள். போனை ஒரு கவரில் போட்டு அப்படியே வையுங்கள். அதை எப்போது, எந்தக் கோர்ட்டில் கொடுப்பது என்று அவர் சொல்லும்வரை பீரோவிலேயே இருக்கட்டும்.